கசியும் இடம்

மூக்கில் ஒன்று, முதுகில் ஒன்று.
எஞ்சின் இரண்டென்றால் இறக்கைக்கு ஒன்றாக இருக்கும்
என்று வருகிறவர்கள்
ஹேங்கர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.
நடுவே நாங்கள் ஆறு பேர் உட்காரும் தகர உருண்டை.
உள்ளே காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு
மலைக்கு மேலே போகும்.
பிடித்துவைத்துக்கொண்டு போக வேண்டும்.

போன மாசியில் கோத்தா பாரு போகிற வழியில்
பதினாறாயிரம் அடி.
கேபின் ஏழாயிரம் காட்ட வேண்டியது
பதினொன்று காட்டியது.
ஊசிக்கு முன்னால் என் காதுக்குத் தெரிந்துவிட்டது.
இருபத்தாறு வருஷமாக
ஊரார் காதுக்குள் எட்டிப் பார்க்கிறவள் நான்.
எச்சில் விழுங்கினேன்.
பக்கத்தில் இருந்த காவ் தெய்க் செங்கும் விழுங்கினார்.

வால்வுதான் என்றார்கள் எல்லோரும்.
அரிசோனா வெயிலில் உயிர்விட்டுக் கிடக்கும்
இதன் உடன்பிறப்பு ஒன்றிலிருந்து
கழற்றி அனுப்பப் பதினோரு மாதம்.
சுங்கத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"பிரஷர் குக்கர் சாமானா?"
கிட்டத்தட்ட, என்றேன்.
சமையல் பாத்திரம் என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பதினோரு மாதத்துக்குள்
பிடோ குழாயில் குளவி இரண்டு முறை கூடு கட்டியது.
கடல் உப்பு பின் வால் திருகுகளைத் தின்றது.
கோழித்தீவனம் விற்றுச் சேர்த்த பாதிப் பங்கை
காவ் என் பேருக்கே எழுதிக்கொடுத்தார்.
"பினாங்கில் நிறுத்தி வைக்க ஒரு படகு வாங்கலாம் டாக்டர்,
மூழ்கினாலும் ஒரு முறைதான் மூழ்கும்."

புது வால்வைப் பூட்டினோம்.
கசிவு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை, பாயான் லெப்பாஸ்.
கிளி தப்பிப்போன ஊர் என்று மலாயில் பொருள் வரும்.
அஸ்மான் வெளியிலிருந்து குழாய் செருகி
ஊதுகருவியை ஓடவிட்டார்.
நான் உள்ளே. கதவை அடைத்தாயிற்று.
சவர்க்காரத் தண்ணீரோடு
ஜன்னல் ஜன்னலாக அவர் தடவிக்கொண்டு வர,
உள்ளிருந்து நான் கேட்க வேண்டும்.
சீறுகிற இடத்தைச் சொல்ல வேண்டும்.

கேட்கவில்லை.

வெயில் ஏறிய தகரத்துக்குள்
என் மூச்சு கேட்டது.
வயிற்றில் நேற்றைய நாசி கண்டார் நகர்வது கேட்டது.
வெளியே அஸ்மானின் அக்காள் மகன் ஷாஹ்ரில்
கண்ணாடியில் விரலைத் தட்டிக் கத்துகிறான்:
"பாம்பு மாதிரி சீறுது டாக்டர், கேக்கலையா?"
பத்தொன்பது வயது. வெளியே நிற்கிறான்.
ஒரு காதில் பாட்டு வேறு.

கேட்கவில்லை, தம்பி.

கன்னத்தை நாவால் நனைக்க முடியாது.
கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக்கொண்டு
முகத்தைச் சுவரோடு சுவராக நகர்த்தினேன்,
தூங்கும் பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுபோல.
பின் ஜன்னலுக்குக் கீழே
ஆண்டெனா கம்பி வெளியேறும் ஓட்டையில்
கன்னம் குளிர்ந்தது.

எண்பது சென் ரப்பர் வளையம்.

திங்களன்று கிளினிக் சாத்தியபின்
நர்ஸ் செல்வமலரை இருக்கச் சொல்லி
என் பெட்டியில் நானே உட்கார்ந்தேன்.
கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தணும் டாக்டர்,
என் வாசகத்தை எனக்கே சொன்னாள்.
தாளில் கோடு ஒழுங்காகத்தான் வந்தது.
நாலாயிரத்தில் கிணற்றில் விழுந்தது.

யாருக்கும் இதே கோட்டைக் காட்டி
"சத்தமான இடத்தில் வேலையா?" என்று கேட்பேன்.
செல்வமலர் எதுவும் கேட்கவில்லை.
விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

பின் எஞ்சினுக்கு ஒரு கெட்ட பழக்கம்.
ஓடுபாதையில் நின்றுபோனாலும் காட்டிக்கொள்ளாது.
முன்னதன் இரைச்சலில்
இரண்டும் ஓடுவதாக நினைத்துக்கொண்டு
கிளம்பியவர்கள் உண்டு. மரம்வரை போனவர்கள்.
அதனால் காதை நம்பாதே என்பது பாடம்.
பின்னதை முதலில் தள்ளு. ஊசியைப் பார்.
அப்புறம் முன்னது.

இன்று காலை கோபுரத்தில் அனுமதி கொடுத்தார்கள்.
இரண்டாம் தடவை சொல்லச் சொன்னேன்.
இடதுபக்கம் ஜெரெஜாக் தீவு ஈரமாய்க் கிடந்தது.
பின்னதை முதலில் தள்ளினேன்.
ஊசி எழுந்தது.