முப்பத்தேழு

எடைமேடை அறையில் நாலு நாற்காலி.
பெங்களூரா மாங்காய் என்ன விலைக்கு,
ஊராட்சிக்கு யார் தலைவர்,
ஒரே டீயில் இரண்டும் முடிந்துவிடும்.
போச்சம்பள்ளிக்கு மேற்கே எங்கள் ஊரில்
பதினைந்து வருஷமாய்ப் போட்டி கிடையாது.

மனுவை வாபஸ் வாங்க
மூன்று மணிவரை கெடு.
மாதம்மாள் அன்று பார்த்து
போனை வீட்டில் வைத்துவிட்டு
கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிவிட்டாள்,
தையல் மிஷினுக்குப் பெல்ட் வாங்க.

ஆக, தேர்தல்.
தோற்றாள். முப்பத்தேழு ஓட்டு.

நாலு பேருக்கும் ஜெயித்த களை இல்லை.
யார் அந்த முப்பத்தேழு?
வாக்காளர் பட்டியலில் பென்சில் கோடு,
அழித்து மறுபடி கோடு.

நேற்று லோடு இறக்கிவிட்டு
எப்போதும்போல் வணக்கம் வைத்தேன்.
எடைச்சீட்டை நீட்டிய கை
பாதியில் நின்றது.
இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக
பதிலுக்கு ஒரு வணக்கம் வந்தது.