ஐந்தாவது செவுள்

விண்ணப்பத்தின் முதல் கட்டம்: சொந்த ஊர்.
ஒரே ஒரு ஊர் எழுதத்தான் இடமிருந்தது.
நீரோடி என்று எழுதினேன்.
மேற்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் நாற்பதடி,
அப்புறம் கேரளம்.
ஓங்கி அடித்தால் பந்து மாநிலம் தாண்டும்.
மலையாளத்தில் ஒரு வசவோடு திரும்பி வரும்.

நான் டெல்மா, ஏலக்கூடத்தில் கணக்கு.
கிளப்புக்கு வா என்று லீனஸ் முதலாளி கூப்பிட்டபோது
பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றேன்.
"மீன் பிடிக்கத் தெரிஞ்சிட்டா
பத்து வருசம் மீன்கணக்கு எழுதுன?"

லீக்கில் புதிதாய் இரண்டு இடம்.
ஒன்றை ஒரு சிமெண்ட் கம்பெனி முன்பே வாங்கிவிட்டது.
மற்றதற்கு ஆறு ஊர்.
நாங்கள் கட்டிய தொகையில்
எண்பத்திரண்டு விசைப்படகின் ஒருநாள் மீன் இருந்தது,
ஷார்ஜா காசு இருந்தது,
அன்பியத்துப் பெண்களின் சீட்டு இருந்தது,
செர்லின் அக்கா அடகுவைத்த ஒரு ஜோடி வளையலும்.
அதை மட்டும் தனித்தாளில் எழுதி
மேசைக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

சென்னையிலிருந்து சின்னம் வந்தது. சுறா.
ஏலக்கூடச் சுவரில் ஒட்டினோம்.
கொச்சிக்கு மேலே சுறாவுக்குப் போய்
அன்றைக்குத்தான் கரையேறிய அருளப்பன்
பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எண்ணினான்.
"நாலு செவுள்தாம்லே வரைஞ்சிருக்கான்.
மூச்சுமுட்டிச் செத்துப்போவும் இது."
ஆயிரத்து இருநூறு சட்டை அதற்குள் அச்சாகியிருந்தது.
ஐந்தாவது கோட்டைக்
கறுப்பு நூலால் கையிலேயே போட்டார்கள்
தையற்கடைப் பெண்கள்,
ஒரு சட்டைக்கு மூன்று ரூபாய்.

முதல் ஆட்டம், ஆறு கோல் வாங்கினோம்.
இரண்டாவதில் நாலு.
மூன்றாவது மழையில் நின்றுபோக,
ஜெயித்த மாதிரி மேளம் அடித்தார்கள்.
பயிற்சியாளர் லிம்பு சிக்கிம்காரர்.
மீன் வாசனையே ஆகாது அவருக்கு.
ஒப்பந்தத்தில் இதை யாரும் கேட்கவில்லை.

பொழியூர்க்காரர்கள் முதலில்
மதிலேறி ஓசியில் பார்த்தார்கள்.
அடுத்த வருசம் ஐம்பது ரூபாய் டிக்கெட்.
காசு கொடுத்ததற்காக இரட்டிப்பாய்த் திட்டினார்கள்.
மேற்கு கேலரி முழுக்க மலையாளம், கிழக்கில் நாங்கள்.
நடுவருக்கு இரண்டும் புரியாது,
புண்ணியவான்.

பதினோராம் எண் ஜோபின்.
இடதுகால்.
படகுக்குப் போனால் நாங்கள் தருவதைப் போல மூன்று மடங்கு.
போகவில்லை.
மூன்றாம் வருசம் ஒன்பது கோல்,
கடைசியிலிருந்து ஏழாமிடத்துக்கு வந்தோம்.
அந்த ஜனவரியில் கொல்கத்தாவிலிருந்து கேட்டார்கள்.
கேட்ட தொகையில் கடன் தீரும்,
கேலரிக்குக் கூரையும் வரும்.

"கணக்கு என்ன பிள்ள சொல்லுது?"
கணக்கு என்றைக்கு வேறு சொல்லியிருக்கிறது.
வரவில் எழுதினேன்: ஜோபின்.
அடித்துவிட்டு எழுதினேன்: வீரர் மாற்றுத் தொகை.
முதல் காசோலையில் வளையலை மீட்டேன்.
செர்லின் அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டாள்,
என்னோடு பேசவில்லை.

ஏப்ரலில் அவன் வந்தான், எதிரணிச் சட்டையில்.
எழுபதாம் நிமிடம் மேற்குக் கம்பத்தில் ஒன்று போட்டான்,
அதே இடதுகால்.
மூச்சுவிடாமல் இருந்தது மைதானம்.
பிறகு மேற்கிலிருந்து ஒரு கிழட்டுக் குரல்,
"எடா, அது நம்மட செக்கனல்லே!"
அதற்கப்புறம் யார் எதற்குக் கத்தினார்கள் என்று தெரியாது.
நானும் கத்தியிருக்கிறேன்.
மறுநாள் தொண்டை கட்டியிருந்தது.

பஸ் ஏறுமுன் ஆபீசுக்கு வந்தான்.
பழைய சட்டை இருக்கா, கையால தச்சது?
இருப்பில் இரண்டே இரண்டு.
ஒன்றைக் கொடுத்தேன்.
விரலால் எண்ணிப் பார்த்துக்கொண்டான், ஐந்து வரை.
பதிவேட்டில் அதற்கு விலை போடவில்லை.
தணிக்கைக்காரன் கேட்டால் எலி கடித்தது என்பேன்.

புதுக்கூரை மூன்றாம் வரிசைக்கு மேல் ஒழுகுகிறது.
பாறசாலையிலிருந்து ஆள்
காலையில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.