மறுபிடி

செப்டம்பர் கடைசி. காலை ஏழரை.
வலே மலையின் கணவாயில் மேகம் ஏறி
வலைகளை நனைத்துவிட்டுப் போயிருந்தது.
கம்பத்துக்குக் கம்பம் கயிற்றை உதறிக்கொண்டே நடந்தோம்,
பிரான்சில் ஒரு கால், சுவிஸில் ஒரு கால்.
எல்லைக்கல்லின் மேல் உர்சினாவின் காப்பிக் குடுவை.

ஏழாவது வலையின் கீழ்ப்பையில் இரண்டு பேர்.
தலைகீழாய்த் தொங்கியது ஒரு மஞ்சள் சிஸ்கின்.
துரத்திவந்த வேகத்திலேயே
அடுத்த மடிப்பில் மாட்டியிருந்தது வல்லூறு.
எட்டினால் கிடைக்கும்.
நான்கு விரற்கடை எட்டவில்லை.
இரண்டும் என்னையே பார்த்தன.

சின்னதை முதலில் எடு, என்பது நிலைய விதி.
எடுத்தேன். துணிப்பையில்
ஒரு கொட்டைப்பாக்கின் கனம்.
பிறகு வல்லூறிடம் கை நீட்டினேன்.
கால்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று
புதியவர்களுக்கு நூறு முறை சொன்னவள்,
இறக்கைச் சிக்கலைப் பார்த்துக்கொண்டே.

உடும்புப்பிடி என்பார்கள். உடும்பை நான் கண்டதில்லை.
கட்டைவிரலுக்குள் இரண்டு நகம்.
இழுத்தால் இறுகியது.
"அசையாதே," என்றாள் உர்சினா, "அது மறக்கும் வரை."
நின்றேன். மூக்கில் நீர் வடிந்தது, துடைக்கக் கையில்லை.
அது மறக்கவில்லை.
களைத்தது, அவ்வளவுதான்.

குடிலில், காலித் தக்காளி டப்பாவுக்குள்
தலைகுப்புற நுழைத்துத் தராசில் வைத்தோம்.
இருநூற்று எழுபத்தொன்று. பெண்.
டப்பாவுக்கு வெளியே பட்டை போட்ட வால் மட்டும்
ஒழுங்காக மூச்சு விட்டது.
கண்ணில் மஞ்சள் போய் ஆரஞ்சு ஏறியிருந்தது,
சில குளிர்காலங்களைத் தாண்டியவள்.
புது வளையத்தை இடுக்கியில் விரித்துக்கொண்டு
இடது காலைத் தேடினேன்.
வலது காலில் ஏற்கெனவே இருந்தது.

தேய்ந்த அலுமினியம். எச்சில் தொட்டுத் துடைத்து
விளக்கடியில் திருப்பினோம்.
கௌனாஸ், லிதுவேனியா.
கடைசி இலக்கம் எட்டு என்றாள் அவள். மூன்று என்றேன்.
பூதக்கண்ணாடி எட்டு என்றது.
விரித்த வளையத்தைத் திரும்பக் கம்பியில் கோத்தேன்.
யாரோ, ஏதோ ஒரு வடக்குக் கரையில்,
இதே கால்களைப் பிடித்திருக்கிறார்.
அவர் கட்டைவிரல் எப்படி இருக்கிறதோ.

தெற்கு வாசலில் கையை விரித்தேன்.
போனாள். திரும்பிப் பார்ப்பார்களா என்ன.
சிஸ்கினை இருபது நிமிடம் கழித்து,
வடக்கு ஜன்னல் வழியாக.

படிவத்தில் 'மறுபிடி' என்ற கட்டத்தின் மேல்
என் ரத்தம் ஒரு சொட்டு, மிளகளவு.
உர்சினா அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு
பக்கத்தில் எழுதினாள்:
பறவையுடையது அல்ல.