நிழல் என்று குறித்தது

ஐந்து ரோட்டு மாடியறையில்
ஏதோ ஊரின் சாலைப் படங்களுக்குப்
பெட்டி போடுகிறேன்.
ஆள், நாய், கம்பம், மரம்.
பெட்டிக்கு நாற்பது காசு.
ஓட்டுநர் இல்லாத காருக்குக் கண் வேண்டுமாம்.

நேற்று, மூன்று நொடி மிச்சமிருக்க
சுவரோரம் கறுப்பாய் ஏதோ.
குனிந்த ஆளா, நிழலா?
நிழல் என்று தட்டிவிட்டேன்.
சரிபார்க்கும் தில்ஷாத்தும்
பார்க்காமலே ஓகே போட்டாள்.

வாங்கி வைத்த தட்டுவடை செட்
காகிதத்திலேயே நமுத்துப்போனது.
அந்த ஊரில் இந்நேரம் விடிந்திருக்கும்.
யாராவது குனிந்து
செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருக்கலாம்.

பாலத்தடியில் கடக்கிறேன்.
ஜங்ஷன் பஸ் கிரீச்சிட்டு நிற்கிறது.
தலையை நீட்டி டிரைவர் கத்துகிறார்:
"ஏம்மா, கண்ணு பொடனியிலயா இருக்குது?"

அவருக்கு நான்
ஆளாகத் தெரிந்திருக்கிறேன்.