அளவுக்குள்

லிங்கராஜபுரம் மூன்றாம் மாடியில்
ஜன்னல்கள் எல்லாம் வெள்ளி.
பிரியாணி பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாள்,
ஓரம் முழுக்கப் பழுப்பு டேப்.
எதிர் மொட்டைமாடியில் கோபுரம்.
அதன் கம்பியில் யாரோ காயப்போட்ட
பள்ளிக்கூடச் சீருடை.

கதவைத் திறந்த அமலோற்பவம் கேட்டார்:
கம்பெனி ஆளா, கவர்மெண்ட் ஆளா?
ரெண்டுக்கும் நடுவுல, என்றேன்.
அளக்கிற ஆள்.

தவக்காலத்தில் வந்ததாம் அது.
அன்றிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு
இடது பொட்டில் ஒரு கொசு,
அடித்தால் சாகாத கொசு.
மண்டையைப் படம் எடுத்துப் பார்த்து
நார்மல் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
அந்தக் காகிதத்தையும் காட்டினார்,
குற்றப்பத்திரிகை மாதிரி.

முக்காலியை நிறுத்தினேன்.
ஓரிடத்துக்கு ஆறு நிமிடம்.
கட்டில் தலைமாடு, அடுப்படி, மாதா படம்.
எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்பதுபோல்
அவர் மூச்சை அடக்கி நின்றார்.
விடலாம்மா, என்றேன்.

அனுமதித்த அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.
"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்பாங்க,
நஞ்சு அளவுக்குள்ள இருந்தா
அமிர்தமா தம்பி?"

பதில் தேடும்போது மேலதிகாரி அழைத்தார்.
கருவியில் எண் துள்ளி ஏறியது,
கோபுரம் காட்டாத உயரத்துக்கு.
அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.

இந்த அலை எலும்பைத் துளைக்காது,
அணுவைப் பிளக்காது,
படித்ததை எல்லாம் சொன்னேன்.
அவர் நெற்றியில் தைலம் பளபளத்தது.
தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில்
தோலே நிறம் மாறியிருந்தது.
அதை நான் படித்திருக்கவில்லை.

படிவத்தில் மாடி, திசை, தூரம், எண்.
தூக்கத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 'ரெண்டு மணி' என்று எழுதினேன்.
ஸ்கேன் செய்தபோது பென்சில் விழவில்லை.

நவம்பரில் அவரே அழைத்தார்.
வாடகைப் பணத்தில் அண்ணன் தம்பி சண்டை,
கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.
"வீட்டுக்குள்ள இப்ப சிக்னலே இல்ல தம்பி,
தண்ணித் தொட்டிமேல ஏறி நின்னு பேசறேன்."

பார்த்தும்மா, என்றேன்.
அப்புறம், தலைவலி?

"அதக் கேக்கறீங்களா, அது"

திரும்ப அழைத்தேன். மறுபடியும்.
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று
கன்னடத்தில் ஒரு பெண்குரல்,
துளிக் கரகரப்பும் இல்லாமல்.