மணிக்கு நூற்றெண்பது யூரோ

நான் விற்பது மௌனம்.
லுப்லியானாவின் ஓரத்தில், டயர் கிடங்குக்குப் பின்னால்
ஓர் இரும்பு அறை. உள்ளே சுவரெங்கும்
நீலப் பஞ்சுக் கூம்புகள், பல் பல்லாய்.
வானொலி, கைபேசி, தெருவில் போகும் டாக்சியின் முணுமுணுப்பு
எதுவும் உள்ளே வராது.
உள்ளே பிறந்தது எதுவும் எதிரொலிக்காது.
மணிக்கு நூற்றெண்பது யூரோ. வரி தனி.

மிலோய்கா செவ்வாய்க்கிழமை எட்டுக்கே வந்துவிட்டாள்,
செர்க்னிட்சாவிலிருந்து, மழையில்,
ரொட்டி டப்பாவில் மூன்று கருவிகளைப் படுக்கவைத்து.
தேனீப் பெட்டியின் அடியில் வைப்பது. எடை பார்க்கும்.
அரை மணிக்கு ஒருமுறை ஒரே வாக்கியம் பேசும்:
இப்போது இத்தனை கிலோ.
அவ்வளவுதான் அதன் பேச்சு.
அதை உரக்கச் சொல்லவில்லை,
அடுத்தவர் அலைவரிசையில் உளறவில்லை என்று
நான் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
அதற்குத்தான் காசு.

கதவை அடைத்தேன். மேடை சுழன்றது.
எண்ணூற்று அறுபத்தெட்டு மெகாஹெர்ட்சில்
திரையில் ஒற்றைத் தேவாலயக் கோபுரம். நேர்த்தி.
அதன் இருமடங்கில், யாரும் கூப்பிடாமல்,
இன்னொன்று.
சிவப்புக் கோட்டுக்கு மேலே மூன்று டெசிபெல்.

"மூன்றுதானே?" என்றாள்.
"மூன்று என்றால் இரண்டு மடங்கு" என்றேன்.
அவளுக்கும் தெரியும்.
தெரிந்தே கேட்கிற கேள்விகளுக்கு
இந்த அறை பழகியிருக்கிறது.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது.
பதினாறு வருஷமாய் இந்தக் கோபுரத்தைப் பார்க்கிறேன்:
மின்கலத்திலிருந்து பலகைக்குப் போகும் ஒயர்
தன்னையும் ஓர் ஆன்டெனா என்று நினைத்துக்கொண்டது.
ஆனால் சொல்லக் கூடாது.
அளப்பவன் திருத்தினால் அளவு கெட்டுப்போகும்.
விதி. நல்ல விதிதான்.
புதிதாய் வருபவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

அவள் மின்தேக்கியை மாற்றினாள். மூன்று டெசிபெல்.
தகரத்தால் மூடினாள். இரண்டே முக்கால்.
மடியில் ஒரு நோட்டு; இடப்பக்கம் மணி, வலப்பக்கம் யூரோ.
இரும்புக் கதவு ஒவ்வொரு தடவை சாத்தும்போதும்
பென்சில் ஒரு கோடு போட்டது.
பழைய ரெனோவை விற்ற பணம் என்று
யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

பதினொன்றே காலுக்கு, காப்பி குடிக்கலாம் என்றேன்.
கடிகாரத்தை நிறுத்தினேன்.
காகிதக் கோப்பையோடு நின்று
மழை விடுமா என்பதுபோல் கேட்டேன்:
"அந்த ஒயர் எவ்வளவு நீளம்?"
கேள்வி ஆலோசனை ஆகாது.
"ஒன்பது சென்டிமீட்டர். ஏன்..."
கோப்பை பாதி வழியில் நின்றது.
உதடு கணக்குப் போட்டது.
"கத்தரி இருக்கா?"
கத்தரி கடன் கொடுக்கக் கூடாது என்று
எந்தப் பிரிவிலும் இல்லை. தேடிப் பார்த்திருக்கிறேன்.

வெட்டினாள். இரண்டு ஒயரையும் முறுக்கி
பையிலிருந்து ஒரு கறுப்பு மணி எடுத்துக் கோத்தாள்.
ஃபெரைட். ஏழு சென்ட்.
கோபுரம் சரிந்து கோட்டுக்குக் கீழே போனது.

அவள் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பினாள்.
ஒயர் மாறினால் கருவி வேறு.
காலையில் தேறியதெல்லாம் இப்போது தேறாதது.
முதலிலிருந்து வர வேண்டும்.

மாலையில், மேடை எண்பதாவது டிகிரியில் ஊர்ந்தபோது,
செர்பியாவில் ஒருவர் நாற்பது பெட்டிக்குக் கேட்கிறார் என்றாள்.
அங்கே வேறு முத்திரை, வேறு கட்டணம்,
சொல்லப்போவது அதே வாக்கியம்.
"தேனீயை எல்லையில் நிறுத்துவதில்லை" என்றாள்.
நான் திரையைப் பார்த்தேன்.

இரவு ஏழுக்கு விலைப்பட்டியல் தட்டினேன்.
அவளிடம் இருப்பது இருநூற்றுப் பன்னிரண்டு ஆர்டர்.
அறை, அறிக்கை, மற்ற சோதனைகள் எல்லாம் கூட்டி
வகுத்துப் பார்த்தேன்; யாரும் கேட்கவில்லை.
பெட்டிக்கு முப்பத்துமூன்று யூரோ.
காப்பி நேரம் இருபது நிமிடத்தைக் கழித்தேன்.
நிரல் கொஞ்சம் யோசித்து
மிச்சத்தை முழு மணியாக்கி
மறுபடி சேர்த்துக்கொண்டது.