சொத்துப் பட்டியல்

வக்கீல் திம்மராய முதலியார் போன பதினெட்டாம் நாள்
குமாஸ்தா நான் கணக்கெழுத உட்கார்ந்தேன்.

கறுப்பு அங்கி ஒன்று. கைவிளிம்பில் செம்மண்.
சட்ட நிரூபண சபைக்கென்று எழுதிய தாள்கள் நாற்பது;
பேச விட்டது நாலு வரி என்கிறது கெஜட்டு.
மிச்சத்தைத் திரும்பும் ரயிலில் எனக்கு வாசித்தார்.
ஜோலார்பேட்டைக்கு முன்பே நான் தூங்கிவிட்டேன்.

ஏற்காட்டில் முப்பது ஏக்கர்.
தாது வருஷப் பஞ்சத்தில்
சடையன் மேல் வழக்காடி
துரைக்கு வாங்கிக் கொடுத்த காடு.
பீஸுக்கு ஈடாகப் பாதி இவருக்கு.
சாமை விளைந்த சரிவில் காப்பி நட்டார்.
இலையெல்லாம் துருப்பிடித்து
மூன்றே மழையில் மொட்டை.

அப்புறம் ஞாயிறுதோறும்
குப்பனூர் வழியாக மட்டக்குதிரையில் ஏறிப்போவார்.
ஏனென்று கேட்டதில்லை.

நேற்று போனேன்.
சரிவு முழுக்கச் சாமை.
வேலியில்லை, குத்தகைச் சீட்டுமில்லை.
களையெடுத்துக்கொண்டிருந்த சடையன் மகன் நிமிர்ந்து,
"வக்கீலய்யா பங்கு இன்னும் அறுக்கலையே,
மூட்டை எங்க அனுப்ப?" என்றான்.

நிலம்: முப்பது ஏக்கர்.
உரிமை: வழக்கு நிலுவையில்.

எந்த வழக்கென்று மகன் கேட்டால்
கட்டுகளைத் தேடச் சொல்லலாம்.
அலமாரி மூன்று.